ரோமியோ ஜூலியட்: விதி, குடிப்பகை, அவசரம்

ரோமியோ ஜூலியட் வில்லியம் ஷேக்ஸ்பியர் எழுதிய துன்பியல் நாடகம். 1590களின் நடுப்பகுதியில் எழுதப்பட்டது. 1597இல் பிழைகள் மலிந்த முதல் பதிப்பும், 1599இல் அதைவிட விரிவான, நம்பத்தகுந்த இரண்டாம் பதிப்பும் வெளிவந்தன. இத்தாலியின் வெரோனா நகரில் பகை கொண்ட இரு குடும்பங்களில் பிறந்த ஓர் இளைஞனும் ஒரு சிறுமியும் காதலித்து, மறைவாக மணம் புரிந்து, சில நாட்களுக்குள் இறந்துபோவதே கதை.

தமிழில் இந்த நாடகத்தைப் படிக்காதவர்களுக்கும் ரோமியோ என்ற பெயர் தெரியும். பெண்கள் பின்னால் சுற்றும் பையனைக் கேலி செய்ய அந்தப் பெயர் தெருவில் வழங்குகிறது. நாடகம் தொடங்கும்போது ரோமியோ ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறான். ஜூலியட்டைப் பார்ப்பதற்கு முன் ரோசலின் என்ற பெண்ணை நினைத்து உருகிக்கொண்டிருக்கிறான். அவள் இவனைப் பொருட்படுத்தவில்லை. இப்படிப்பட்ட ஒருவனின் காதலை நாம் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவன் சாவுக்கு யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே இந்த நாடகத்தைப் படிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வழக்கமாக மூன்று விடைகள் சொல்லப்படுகின்றன. விதி என்பது ஒன்று. குடும்பப் பகை என்பது மற்றொன்று. இளையவர்களின் அவசரம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் நாடகத்தில் சான்று உண்டு. ஆனால் மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால், வகுப்பறைகளில் அதிகம் சொல்லப்படும் மூன்றாவது விடைதான் மிகவும் பலவீனமானது என்று தெரியவரும்.

மூலக்கதையும் மாற்றங்களும்

கதை ஷேக்ஸ்பியரின் கற்பனை அன்று. 1476இல் மசூச்சியோ சலெர்னிட்டானோ சியன்னா நகரில் நடப்பதாக இதைப்போன்ற ஒரு கதையை எழுதினார். 1530ஐ ஒட்டி லூயிஜி தா போர்தோ அதை வெரோனாவுக்குக் கொண்டுவந்து காதலர்களுக்கு இன்றைய பெயர்களைக் கொடுத்தார். 1554இல் பந்தெல்லோ அதை விரித்து எழுதினார். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. ஆர்தர் புரூக் 1562இல் எழுதிய நெடுங்கவிதையே ஷேக்ஸ்பியரின் நேரடி மூலம்.

புரூக்கின் கவிதையோடு ஒப்பிட்டால் ஷேக்ஸ்பியர் செய்த இரண்டு மாற்றங்கள் முக்கியமானவை. ஒன்று காலம். புரூக்கில் ஒன்பது மாதங்கள் நடக்கும் கதை, நாடகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி அந்த வாரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மற்றொன்று வயது. புரூக்கின் நாயகிக்குப் பதினாறு வயது. ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்குப் பதினான்கு நிறையவில்லை.

மூன்றாவதாக, புரூக் தன் முன்னுரையில் பெற்றோர் சொல் கேளாத காதலர்களைக் கண்டித்து எழுதினார். அடங்காத ஆசையின் முடிவு இதுதான் என்பது அவர் சொல்லவந்த பாடம். ஷேக்ஸ்பியர் அந்தப் பாடத்தைக் கைவிட்டார். அவருடைய முன்னுரையும் அழிவை அறிவிக்கிறது. ஆனால் அது காதலர்களைக் குற்றம் சொல்வதில்லை. கோள்கள் எதிர்த்தன என்கிறது, பெற்றோரின் பகை பிள்ளைகளின் சாவோடுதான் தீர்ந்தது என்கிறது. கதையை விரைவுபடுத்தியவர், அந்த விரைவுக்கான பழியை இளையவர்கள் மேல் மட்டும் போட மறுத்தார் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

விதி நாடகத்தில் எங்கே இருக்கிறது

விதியைப் பற்றிய பேச்சு நாடகம் முழுவதும் உண்டு. முன்னுரையாக வரும் பதினான்கு வரிக் கவிதை முடிவை முன்பே சொல்லிவிடுகிறது. விருந்துக்குப் போகும் வழியில் ரோமியோ, இன்றிரவு தொடங்கும் ஏதோ ஒன்று தன் உயிரில் முடியும் என்று அஞ்சுகிறான். பிரியும் விடியலில் ஜூலியட், கீழே நிற்கும் கணவனைக் கல்லறைக்குள் கிடப்பவனைப்போலக் காண்கிறாள்.

தற்செயல்களும் உண்டு. காபுலெட் வீட்டு வேலைக்காரனுக்குப் படிக்கத் தெரியாது. விருந்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை அவன் தெருவில் எதிர்ப்பட்ட ரோமியோவிடமே காட்டிப் படித்துச் சொல்லக் கேட்கிறான். அதில் ரோசலின் பெயர் இருக்கிறது. அவளைக் காணத்தான் ரோமியோ அங்கே போகிறான். கடைசியில், மாண்டுவாவுக்குக் கடிதம் கொண்டுபோக வேண்டிய துறவி ஜான், கொள்ளைநோய் தொற்றியிருக்கலாம் என்ற ஐயத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டப்படுகிறார். கடிதம் போய்ச் சேரவில்லை.

ஆனால் விதியைப் பற்றி யார், எப்போது பேசுகிறார்கள் என்று கவனித்தால் வேறொன்று தெரிகிறது. விருந்துக்கு முன் அஞ்சிய ரோமியோ திரும்பிப் போகவில்லை, உள்ளே நுழைகிறான். டிபால்ட்டைக் கொன்ற மறுகணம், விதி தன்னை வைத்து விளையாடுகிறது என்று புலம்புகிறான். வாளை உருவியது அவன் கைதான். விதி என்ற சொல் பாத்திரங்களின் வாயில் பல இடங்களில் செயலுக்குப் பின்னால் வருகிறது. நடந்துவிட்டதைத் தாங்க முடியாதபோது மனிதர்கள் சொல்லிக்கொள்ளும் காரணமாக அது அமைகிறது.

தமிழ் வாசகர் இங்கே சிலப்பதிகாரத்தை நினைப்பது இயல்பு. ஊழ்வினை தொடர்ந்து வந்து பயன் தரும் என்பதை நூலின் நோக்கங்களில் ஒன்றாக அதன் பதிகமே அறிவிக்கிறது. ஆனால் சிலம்பின் ஊழுக்கு ஒரு கணக்கு உண்டு. கோவலன் முற்பிறப்பில் பரதனாக இருந்து சங்கமன் என்ற வணிகனின் சாவுக்குக் காரணமானான், அந்த வினையே இங்கே வந்து விளைகிறது. வெரோனாவின் வானத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. ஜூலியட் எந்தப் பிறப்பிலும் எதுவும் செய்தவள் அல்லள். அங்கே கோள்கள் காரணமின்றி எதிர்க்கின்றன.

இரண்டு நூல்களுக்கும் பொதுவானது வேறொன்று. ஊழ் இருந்தபோதிலும், கோவலன் இறந்தது பாண்டியன் விசாரிக்காமல் சொன்ன ஒரு சொல்லால். ஊழ் தன் வேலையைச் செய்ய ஒரு மனிதனின் அவசரம் தேவைப்பட்டது. வெரோனாவிலும் அப்படித்தான். ஆனால் பாண்டியன் தன் தவறு தெரிந்த இடத்திலேயே உயிர் விடுகிறான். வெரோனாவின் பெரியவர்களில் தன் பங்கை வெளிப்படையாக ஒத்துக்கொள்பவர்கள் இருவரே. ஒருவர் நகரை ஆளும் இளவரசர், மற்றவர் துறவி லாரன்ஸ்.

காரணம் சொல்லப்படாத பகை

மாண்டேகு, காபுலெட் குடும்பங்களின் பகைக்கு என்ன காரணம் என்று நாடகம் எங்கும் சொல்வதில்லை. பழைய பகை என்பதோடு சரி. முதல் காட்சியில் சண்டையைத் தொடங்குபவர்கள் எசமானர்கள் அல்லர், வேலைக்காரர்கள். கட்டைவிரலைக் கடித்துக் காட்டும் ஒரு சில்லறை அவமதிப்பில் தொடங்கி, வீட்டுத் தலைவர்களான கிழவர்கள் வாள் கேட்டு ஓடிவரும் அளவுக்கு அது வளர்கிறது. பகை இந்த ஊரில் ஒரு பழக்கம். யாருக்கும் அதில் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனால் யாராலும் அதை நிறுத்த முடியவில்லை.

இரு குடும்பங்களும் மதிப்பில் சமமானவை என்பதையும் முன்னுரை தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. நம்மூரில் சாதி மறுத்து மணம் செய்து கொல்லப்படும் இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது ரோமியோ ஜூலியட் என்ற பெயர் அடிக்கடி எடுக்கப்படுகிறது. இந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும். வெரோனாவில் மேல் கீழ் இல்லை. ரோமியோ நல்லொழுக்கமுள்ள இளைஞன் என்று ஊரே பேசுவதை மூத்த காபுலெட்டே ஒத்துக்கொள்கிறார், விருந்தில் அவனைத் தொடக்கூடாது என்று டிபால்ட்டை அடக்குகிறார். இந்தத் திருமணம் நடந்திருக்கக் கூடியது. அது பகையைத் தீர்க்கும் என்று துறவி நம்பியது பேதைமையும் அன்று. தீர்க்கக்கூடிய ஒன்று தீர்க்கப்படாமல் போவதே இந்த நாடகத்தின் துயரம். சாதிக்கொலைகளில் பகை பழக்கமாக இல்லை, ஏற்பாடாக இருக்கிறது. அதன் துயரம் வேறு வகையானது. வெரோனாவின் பெயரைச் சொல்லி அதைக் காதல் கதையாக மட்டும் ஆக்கிவிடக் கூடாது.

பகை எப்படிக் கொல்கிறது என்பதற்கு மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியே சான்று. ரோமியோவுக்குத் திருமணம் முடிந்து சற்று நேரம்தான் ஆகிறது. டிபால்ட் அவனைச் சண்டைக்கு இழுக்கிறான். மனைவியின் உறவினன் என்பதால் ரோமியோ மறுக்கிறான், ஆனால் காரணத்தைச் சொல்ல முடியாது. நண்பன் மெர்குஷியோவுக்கு அது கோழைத்தனமாகப் படுகிறது. அவன் வாளை உருவுகிறான். விலக்கப் போன ரோமியோவின் கைக்கு அடியில் டிபால்ட்டின் வாள் பாய்ந்து மெர்குஷியோ சாகிறான். சமாதானம் செய்ய எடுத்த முயற்சியே சாவுக்கு வழியாகிறது. அதன்பிறகு ரோமியோ, காதல் தன்னைப் பெண்மையாக்கிவிட்டது என்று வெட்கப்பட்டு டிபால்ட்டைக் கொல்கிறான். ஆண் என்றால் பழிவாங்க வேண்டும் என்று அந்த ஊர் கற்றுக்கொடுத்திருந்தது. அவன் அதிலிருந்து சில மணி நேரமே விலகி நின்றான்.

யார் அவசரப்பட்டார்கள்

காதலர்கள் அவசரப்பட்டார்கள் என்பது உண்மை. ஒரே இரவில் சந்தித்து, மறுநாள் பிற்பகல் மணம் முடிக்கிறார்கள். ஆனால் அது அவசரம் என்று முதலில் சொல்பவளும் ஜூலியட்தான். மாடத்தில் நின்று பேசும் அந்தக் காட்சியில், இது மிகவும் திடீரென்று நிகழ்கிறது, மின்னலைப்போல் மறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறாள். அதே காட்சியில் திருமணப் பேச்சை எடுப்பவளும் அவளே. மணம் செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால் நாளை சொல்லி அனுப்பு என்கிறாள். இதை முரண்பாடாகக் கொள்ள வேண்டியதில்லை. ரோசலினுக்காக உருகியபோது ரோமியோ தன் துயரத்தை அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். ஜூலியட் அவனிடம் நாள், நேரம், இடம் கேட்கிறாள். இந்தக் காதலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவைப்பது அவளுடைய இந்தத் தெளிவுதான்.

இனிப் பெரியவர்களைப் பார்க்கலாம். தொடக்கத்தில் மூத்த காபுலெட் பொறுமையான தகப்பன். பாரிஸ் பெண் கேட்கும்போது, மகள் சிறியவள், இன்னும் இரண்டு கோடை போகட்டும், அவள் மனமும் இணங்க வேண்டும் என்கிறார். டிபால்ட் இறந்த அன்று இரவே, மகளைக் கேட்காமல், வியாழக்கிழமை திருமணம் என்று நாள் குறிக்கிறார். அவள் மறுத்ததும் தெருவில் பிச்சையெடுத்துச் சாகட்டும் என்று சீறுகிறார். மறுநாள் அவள் பணிந்ததுபோல் நடிக்கும்போது, மகிழ்ச்சியில் திருமணத்தைப் புதன்கிழமைக்கு முன்தள்ளுகிறார்.

இந்த ஒரு நாள் முக்கியமானது. துறவி லாரன்ஸ் ஜூலியட்டிடம் மருந்தைப் புதன் இரவு குடிக்கச் சொல்லியிருந்தார். திருமணம் முன்னே வந்ததால் அவள் செவ்வாய் இரவே குடிக்கிறாள். கடிதம் போய்ச் சேராமல் திரும்பியபோது, மீண்டும் ஆள் அனுப்பக் கைவசம் இருந்திருக்க வேண்டிய நாள் போய்விட்டது. கொள்ளைநோய் கடிதத்தைத் தடுத்தது விதியாக இருக்கலாம். அந்தத் தடையைச் சரிசெய்ய முடியாமல் ஆக்கியது ஒரு தகப்பனின் உற்சாகம்.

துறவி லாரன்ஸ் நிதானத்தைப் போதிப்பவர். விரைந்து ஓடுபவர் இடறி விழுவார் என்ற பொருளில் ரோமியோவுக்கு அறிவுரை சொல்கிறார், அன்றே மணமும் முடித்துவைக்கிறார். பாரிஸுடன் திருமணம் என்ற செய்தி வந்தபோது, இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே மணமாகிவிட்டது என்று காபுலெட்டிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குத் துணிவு வேண்டும். அதற்குப் பதிலாகப் பதினான்கு வயது நிறையாத சிறுமிக்கு, நாற்பத்திரண்டு மணி நேரம் பிணம்போல் கிடக்கும் மருந்தைக் கொடுக்கிறார். கடைசியில் கல்லறைக்குள் காவலர்களின் அரவம் கேட்டதும் அவளை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறுகிறார்.

வளர்த்த செவிலி நேற்றுவரை ரோமியோவுக்குத் தூது போனவள். நெருக்கடி வந்ததும் பாரிஸையே கட்டிக்கொள் என்கிறாள். அந்த இடத்தில்தான் ஜூலியட் தனியாகிறாள். அதன்பின் அவள் எடுக்கும் முடிவுகளை அவசரம் என்று சொல்வது எளிது. ஆனால் அவளுக்கு முன்னால் வேறு கதவு எதுவும் திறந்திருக்கவில்லை.

ரோமியோவின் கடைசி அவசரத்துக்கு மன்னிப்பு குறைவு. மனைவி இறந்தாள் என்று பணியாள் சொன்னதும் விதியை எதிர்ப்பதாக அறிவிக்கிறான். வறுமையில் வாடும் மருந்து வணிகனிடம் சட்டம் தடுத்த நஞ்சை வாங்குகிறான். கல்லறையில் ஜூலியட்டின் உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு இருப்பதைக் கண்ணால் காண்கிறான். அதை அழகு என்கிறானே தவிர, உயிர் என்று அவனுக்குத் தோன்றவில்லை. விதியை மீறுவதாக நினைத்து அவன் செய்ததே விதியை நிறைவேற்றியது.

கல்லறையில் அவர்கள் சந்திக்கலாமா

தா போர்தோ, பந்தெல்லோ ஆகியோரின் கதைகளில் நாயகன் உயிரோடிருக்கும்போதே நாயகி விழித்துக்கொள்கிறாள், இருவரும் பேசுகிறார்கள். ஷேக்ஸ்பியரில் அப்படி இல்லை. அவன் இறந்தபிறகே அவள் கண் விழிக்கிறாள். பின்னால் வந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1748இல் டேவிட் காரிக் தன் மேடை வடிவத்தில் அவர்களைப் பேசவைத்தார். 1867இல் குனோ தன் இசைநாடகத்தில் பாடவைத்தார். 1996இல் வெளிவந்த பாஸ் லூர்மன் இயக்கிய திரைப்படத்தில் அவன் நஞ்சைக் குடிக்கும் கணத்தில் அவள் விழிக்கிறாள்.

இந்த மாற்றங்கள் கண்ணீரைக் கூட்டுகின்றன. ஆனால் காதலர்களுக்கு ஒரு விடைபெறுதலைத் தருவதன் மூலம் ஓர் ஆறுதலையும் தந்துவிடுகின்றன. முதல் சந்திப்பில் இருவரும் ஆளுக்குச் சில வரியாகப் பேசிச் சேர்ந்து ஒரு பதினான்கு வரிக் கவிதையை அமைத்தவர்கள். கடைசியில் இருவரும் தனித்தனியாக, ஒருவர் பேச்சை மற்றவர் கேளாமல் சாகிறார்கள். ஷேக்ஸ்பியரின் முடிவே கடுமையானது, அதுவே சரியானது.

அம்பிகாபதி வழியே

தமிழில் இந்த நாடகத்தின் நிழல் 1937இல் வெளிவந்த அம்பிகாபதி படத்தில் விழுந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி, எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் நடித்த அந்தப் படத்தின் காதல் காட்சிகளில் ரோமியோ ஜூலியட்டின் சாயல் உண்டு. வசனம் எழுதியவர் இளங்கோவன்.

அந்தப் பொருத்தம் தற்செயலானது அன்று. கம்பரின் மகன் அம்பிகாபதியும் சோழன் மகள் அமராவதியும் பற்றிய வாய்மொழிக் கதையில், சிற்றின்பம் கலவாமல் நூறு பாடல் பாடினால் உயிர் பிழைக்கலாம் என்பது நிபந்தனை. எண்ணிக்கொண்டிருந்த அமராவதி காப்புச் செய்யுளையும் சேர்த்துக் கணக்கிட்டு, நூறு முடிந்தது என்று எட்டிப் பார்க்கிறாள். முடிந்தது தொண்ணூற்றொன்பதுதான். அவளைக் கண்டவன் அவளைப் பாடிவிடுகிறான், தலை போகிறது. அங்கே ஒரு பாடல் குறைந்தது, இங்கே ஒரு கடிதம் சேரவில்லை. கேட்பவர்கள் ‘ஐயோ, அவள் இன்னும் ஒரு பாட்டுக்குப் பொறுத்திருக்கக் கூடாதா’ என்று பதறுவார்கள். அப்படி ஒரு நிபந்தனையை விதித்த அரசனை அந்தப் பதற்றத்தில் மறந்துவிடுகிறோம். வெரோனாவின் கதையைப் படிக்கும்போதும் இதே மறதி நேர்கிறது.

மதிப்பீடு

நாடகம் முடியும்போது ஆறு பேர் இறந்திருக்கிறார்கள்: மெர்குஷியோ, டிபால்ட், பாரிஸ், ரோமியோ, ஜூலியட், மகனின் நாடுகடத்தலைத் தாங்காமல் இறந்த மாண்டேகுவின் மனைவி. ஒருவரும் முதுமையில் இயல்பாக இறக்கவில்லை. பகையைக் கண்டும் காணாமல் இருந்ததற்கு இரண்டு உறவினர்களை இழந்தேன் என்று இளவரசர் சொல்கிறார். துறவி நடந்ததையெல்லாம் விரிவாகச் சொல்லித் தண்டனைக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறார். இரு தகப்பன்களும் கைகுலுக்குகிறார்கள். மாண்டேகு ஜூலியட்டுக்குப் பொன்னால் சிலை வைப்பேன் என்கிறார், ரோமியோவுக்கும் அதற்கு ஈடாக வைப்பேன் என்கிறார் காபுலெட். உயிரோடிருந்தபோது மகளின் ஒரு சொல்லைக் கேட்காதவர், இறந்த மருமகனுக்குச் சிலை வைக்கிறார்.

விதி என்று எதுவும் இல்லை, எல்லாம் மனிதர் செயலே என்று இந்த நாடகம் சொல்வதாகக் கொள்ள முடியாது. பூட்டிய வீட்டுக்குள் தங்கிப்போன கடிதத்துக்கும், சற்றே பிந்தி வந்த விழிப்புக்கும் யாரையும் பொறுப்பாக்க இயலாது. அந்த அளவுக்கு விதிக்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறிய தற்செயல்கள் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் பெரிதானது, உண்மையை வெளியே சொல்ல முடியாத ஒரு வீடும், பகையைக் கைவிடத் தெரியாத ஒரு ஊரும் இருந்ததால். காதலர்கள் ஐந்து நாளில் செய்த பிழைகளைப் பெரியவர்கள் பல ஆண்டுகளாகத் தயாரித்துவைத்திருந்தார்கள்.

பிள்ளைகள் பொறுத்திருக்கலாமே என்று நாடகத்தைப் படித்து முடித்தவர்கள் கேட்பதுண்டு. எதற்காக, யாரை நம்பி, எத்தனை நாள் பொறுத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கேள்வி நியாயமாகும். ரோமியோ ஜூலியட் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நடிக்கப்படுவதற்கு அதன் காதல் மொழி ஒரு காரணம். அந்தக் கேள்விக்கு வெரோனாவின் பெரியவர்களிடம் விடை இல்லாமல் இருந்தது மற்றொரு காரணம்.